கூழும் சோறும்: தானியங்களும் உடல்நலமும்

(வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர்)

முன்னுரை

ஆடி மாதம் பிறந்துவிட்டால், இராயபுரம் முதல் எண்ணூர் வரை அம்மன் கோயில்தோறும் கூழ் வார்ப்பதைக் காண்கிறோம். இன்று விழா உணவாகிவிட்ட கேழ்வரகுக் கூழ், நம் பாட்டன்மார்க்கு அன்றாட உணவாக விளங்கியது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் தாத்தா, ஒரு சொம்புக் கூழும் கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் கொண்டு நண்பகல்வரை உழைத்தவர். என் தந்தையாரோ கன்டெய்னர் லாரி ஓட்டுநர். எண்ணூர் விரைவுச் சாலையின் லாரி வரிசையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர். மூன்று வேளையும் சோறும் இட்லியும் பரோட்டாவுமே அவர் உணவு. சென்ற ஆண்டு அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. எடையைக் குறைக்கும்படி மருத்துவர் கூறினார். எந்தத் தானியம் உடலுக்கு என்ன செய்கிறது என்று நான் படிக்கத் தொடங்கியது அதன் பிறகே.

தீட்டிய அரிசி

நெல்மணியின் மேலுறை உமி. அதன் உள்ளே தவிடும் முளைக்கருவும் மாவுப் பகுதியும் உள்ளன. நார்ச்சத்தும் வைட்டமின்களும் பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலுமே அடங்கியுள்ளன. அரிசியைத் தீட்டும்போது இவை நீங்கிவிடுகின்றன. இதனால் வரும் கேட்டை, 1890-களில் ஜாவாத் தீவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளிடம் ஐக்மான் என்னும் டச்சு மருத்துவர் கண்டார். அவருக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது, தவிட்டிலுள்ள தயமின் என்னும் வைட்டமின் ஓரளவு அரிசிக்குள் இறங்குகிறது. ஆகவே புழுங்கலரிசி உண்ணும் நம் வழக்கம் அறிவியலுக்கு ஏற்றதே.

2001-இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற, ஊரக நோய்ப்பரவல் ஆய்வைச் சார்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. சென்னைவாசிகள் உணவால் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 47 விழுக்காடு தீட்டிய தானியங்களிலிருந்தே கிடைப்பதாக அக்கட்டுரை கூறுகிறது. இவற்றை மிகுதியாக உண்போரிடம் இடுப்புச் சுற்றளவும் இரத்தக் கொழுப்பும் கூடுதலாக இருப்பதையும் அது காட்டியது.

எடை குறையுமா?

அப்படியானால் கேழ்வரகுக்கு மாறினால் போதுமா? எங்கள் வீட்டிலும் அவ்வாறே எண்ணினோம். தந்தையார் சோற்றை விட்டு, நைசாக அரைத்த கேழ்வரகு மாவில் வெல்லமிட்ட கஞ்சியை நாள்தோறும் மூன்று பெரிய டம்ளர் குடித்தார். "ராகி உடம்புக்கு நல்லதுதானேம்மா, எவ்வளவு குடிச்சா என்ன?" என்பார். இரண்டு மாதங்கள் சென்றும் எடையும் குறையவில்லை, சர்க்கரையும் குறையவில்லை.

காரணம் யாதெனில், 100 கிராம் கேழ்வரகு தரும் ஆற்றல் சுமார் 320 கலோரி. வெள்ளையரிசி தருவது சுமார் 355 கலோரி. வேறுபாடு சிறிதே. கேழ்வரகின் உண்மையான சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அதில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். வெள்ளையரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கால்சியமோ கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல். வெள்ளையரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. நார்ச்சத்து வயிற்றை விரைவில் நிரப்பிப் பசியைத் தள்ளிப்போடும். அதனால் நாம் குறைவாக உண்டால் எடை குறையும். அளவின்றிக் குடித்தால் குறையாது. மேலும், மாவு நைசாக அரைபட்டு நீர்த்த கஞ்சியாகும்போது விரைவில் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. வெல்லமும் சர்க்கரையே அன்றோ!

குடலின் விருந்தினர்

நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் செரிக்க இயலாத நார்ச்சத்தே அவற்றின் உணவு. அதை அவை நொதிக்கச் செய்து, பியூட்டிரிக் அமிலம் போன்ற சிறு கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. குடற்சுவரின் செல்களுக்கு இவ்வமிலம் சிறந்த எரிபொருள். நார்ச்சத்து மலச்சிக்கலையும் நீக்கும்.

ஆற வைத்த சோற்றில் மாவுப்பொருளின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவம் பெறுகிறது. நார்ச்சத்தைப் போலவே குடலில் பயன்படுகிறது. நீரூற்றி இரவில் வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் அதில் பெருகுகின்றன. நம் பகுதியிலேயே உள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, தமிழக அரசின் நிதியுதவியுடன் பழைய சோற்றின் மருத்துவப் பயனை ஆராய முற்பட்டது நமக்குப் பெருமை தருவதாகும். ஏழையின் உணவென்று ஒதுக்கிய மண்சட்டி, இன்று ஆய்வுக்கூடம் ஏறியிருக்கிறது!

செய்ய வேண்டுவன

நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். திடீரென மிகுதியாக உண்டால் வயிறு ஊதும். நீரும் போதிய அளவு பருக வேண்டும். மைதாப் பண்டங்களைக் குறைத்து, கேழ்வரகு, கம்பு, முழுக்கோதுமை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொள்ளலாம். தானியத்தைக் குறைத்த இடத்தைக் காய்கறி, பருப்பு, மீன் ஆகியவற்றால் நிரப்புதல் நலம். சர்க்கரை நோய்க்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.

முடிவுரை

தாத்தாவைக் காத்தது கூழ் மட்டுமன்று. அவர் சுமந்த மூட்டையும்தான். உழைப்பு குறைந்த நம் காலத்தில் தானியத்தின் வகையோடு அளவையும் எண்ண வேண்டியுள்ளது. இப்போது என் தந்தையார் வெல்லக் கஞ்சியை விட்டுவிட்டார். அளவான கேழ்வரகுக் களியும் கீரையும் உண்கிறார். லாரி வரிசை நகராத நேரத்தில் இறங்கி நடக்கிறார். ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைந்திருக்கிறது. முன்னுண்டது செரித்ததை அறிந்து உண்ணுமாறு வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொன்னதை, ஒரு லாரி ஓட்டுநரின் சாப்பாட்டுத் தூக்கிலும் காண முடியும் என்பதே நான் கற்ற பாடம்.