இறக்குவது கடைசி வேலை

சென்னையில் நாவலூர் பக்கம் குடியிருந்துகொண்டு காரைக் கீழே இறக்கணும் என்று யாராவது வந்து கேட்டால், என்ன ஸ்பிரிங், என்ன பிராண்ட் என்ற பேச்சுக்கே நான் போவதில்லை. "உங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ராம்ப் எப்படி?" என்றுதான் கேட்பேன். ஓ.எம்.ஆரில் நிறையக் கட்டடங்களில் பார்க்கிங் தரைக்குக் கீழே. மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வாசலில் ஒரு மேடு கட்டியிருப்பார்கள். அதைத் தாண்டியதும் ராம்ப் சரேலென்று இறங்கும். அந்த மேட்டில் வண்டியின் வயிறு தட்டினால் ஆபீசுக்குப் போகும்போதும் தட்டும், வரும்போதும் தட்டும். வளைவுகளை அனுபவித்து ஓட்டுவது எப்போதாவது, ராம்ப் தினமும்.

என்னுடையது போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 குதிரைத் திறன், ஏழு கியர் டி.எஸ்.ஜி. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் போர்ஷே வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 2013-இல் வந்ததிலிருந்து மாதச் சம்பளக்காரனுக்கு எட்டிய துடியான வண்டிகளில் அது ஒன்று. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் போலோவுக்கென்றே தனி கப் ரேஸ் ஓடிய ஊர் இது. என்ஜினில் குறையில்லை. ஆனால் ஈ.சி.ஆரில் கொஞ்சம் வேகமாக லேன் மாறினால் பாடி ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, அப்புறம்தான் நிமிரும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் தாராளமாக நுழையும். அந்த இடைவெளியைப் பார்க்கப் பார்க்கத்தான் பல பேருக்கு இறக்கும் ஆசையே வருகிறது. அழகுக்காக இறக்குவது தப்பில்லை. ஆனால் அதை ஹேண்ட்லிங் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, இரண்டும் வேறு வேலை.

ஹேண்ட்லிங்தான் வேண்டுமென்றால் டயரிலிருந்து தொடங்குங்கள். ரோட்டைத் தொடுவது அது மட்டும்தான். நான் 185/60 ஆர்15-ஐக் கழற்றிவிட்டு நல்ல பிடிப்புள்ள 195/55 ஆர்15 போட்டேன். கேட்ட மாற்றத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது. அடுத்தது புஷ். லோயர் ஆர்ம் புஷ் வெடித்துக் கிடக்கும் வண்டியில் எந்த ஊர் ஸ்பிரிங்கைப் போட்டாலும் ஸ்டியரிங் மந்தமாகத்தான் இருக்கும். ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம், பிரேக் பிடித்தால் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுப்பது, இந்த இரண்டும் இருந்தால் முதலில் லிங்க் ராடையும் புஷ்ஷையும் பாருங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற விஷயத்துக்கு லட்ச ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இறக்கினால் எவ்வளவு லாபம் என்று ஒருமுறை கணக்குப் போட்டால் மோகம் கொஞ்சம் தணியும். வண்டி 1,100 கிலோ, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.46 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 55 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.7 ஜி வரும் அளவுக்கு அழுத்தித் திருப்பினால், உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்கு ஏறத்தாழ 290 கிலோ பாரம் மாறும். மையத்தை 3 செ.மீ. இறக்கினால் அது 274 கிலோ. மிச்சம் வெறும் 16 கிலோ.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, நம்மில் பலர் கவனிக்காதது. போலோ மாதிரி முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டியில், பாடியை இறக்க இறக்க லோயர் ஆர்மின் உள்முனை கீழே போய், சக்கரத்துப் பக்கம் உள்ள முனை மேலே தூக்கி நிற்கும். பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்த ரோல் சென்டர் அப்போது பாடியைவிட வேகமாகக் கீழே போய்விடும். எடையின் மையம் 3 செ.மீ. இறங்க, ரோல் சென்டர் 6 செ.மீ. இறங்கினால் இரண்டுக்கும் நடுவே தூரம் கூடுகிறது. பாடியைச் சாய்க்கும் நெம்பு நீள்கிறது. இறக்கிய வண்டி முன்னைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும் என்பதுதான் விஷயம். அதை அடக்கக் கெட்டியான ஸ்பிரிங் வேண்டும், அந்த ஸ்பிரிங்கை அடக்கத் தெம்பான ஷாக் வேண்டும். டை ராடின் கோணமும் மாறுவதால் பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங் தானாக லேசாகத் திரும்பும். இதையெல்லாம் யோசித்துத்தான் எங்கள் பக்கத்துக்கு 20 முதல் 25 மில்லி போதும் என்கிறேன். 40 மில்லி ஸ்பிரிங் கடையில் கிடைக்கிறது, போட்டோவில் நன்றாகவும் இருக்கிறது.

உலகத்திலேயே பெரிய மூளைகள் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஃபார்முலா ஒன்னிலும் இதே பாடுதான். 2022-இல் விதி மாறி, தரைக்கு எவ்வளவு கிட்டே போனாலும் லாபம் என்று ஆனபோது, நேர்பாதையில் கார்கள் துள்ள ஆரம்பித்தன. பாகு நகரத்து ரேஸ் முடிந்து மெர்சிடிஸ் காரிலிருந்து லூயிஸ் ஹாமில்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். அடுத்த வருஷத்துக்குத் தரைத்தட்டின் ஓரங்களை 15 மில்லி உயர்த்தச் சொல்லி விதியே வந்தது. பாகுவின் ரோடு நம் நாவலூர் சர்வீஸ் ரோட்டைவிட எவ்வளவோ மேல்.

ஸ்பிரிங் வெட்டும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். "எதுக்கு சார் புதுசு? ஒரு சுத்து கட் பண்ணி விட்டுடுறேன், அப்படியே உட்காந்துக்கும்" என்று சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. வேலை செய்யும் சுற்று ஆறில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் ஏறத்தாழ 20 சதவீதம் கெட்டியாகும். அந்த அளவு இறங்கிய வண்டிக்கு அது போதாது. வெட்டிய முனை தட்டில் ஒழுங்காக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். கேஸ் வைத்துச் சூடாக்கி உட்கார வைப்பது அதைவிட மோசம், எஃகின் பதமே போய்விடும். புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடி அலைவது எனக்கும் பிடித்த வேலைதான், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி விலை கேட்பதும் பிடிக்கும். ஆனால் ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் செகண்ட் ஹேண்டில் வாங்க மாட்டேன். உள்ளே ஆயில் சீல் எந்த நிலையில் இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது.

இறக்கும் ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கோடு சேர்த்துப் போடுவதுதான் அதிகம் நடப்பது. சில மாதம் நன்றாக இருக்கும். குட்டையான ஸ்பிரிங்கில் ஷாக் எப்போதும் பாதி உள்ளே போன நிலையிலேயே வேலை செய்கிறது. கெட்டியான ஸ்பிரிங்கின் துள்ளலைத் திருப்பி அடக்கும் பலமும் அதற்கு இல்லை. இதற்காகத்தான் பில்ஸ்டைன் மாதிரிக் கம்பெனிகள் இரண்டு விதமாகச் செய்கின்றன: பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கிய ஸ்பிரிங்குக்கென்றே நீளம் குறைத்தது. வாங்கும்போது இந்த எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். உயரத்தைத் திருகி மாற்றும் காயில்ஓவர் டிராக்குக்கு அடிக்கடி போகிறவர்களுக்குச் சரி. விலையும் அதிகம், நம் ஊர் மண்ணும் மழையும் சேர்ந்தால் அந்தத் திருகு மரை இறுகிப்போகும். தினமும் ஓட்டும் வண்டிக்குப் பொருத்தமான ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட் போதும் என்பது என் கட்சி.

மாட்டும் நாளில் பக்கத்திலேயே நிற்பேன். என் வண்டியை 25 மில்லி இறக்கும் வேலை தாம்பரம் பக்கத்து ஷெட் ஒன்றில் நடந்தது. தலைமை மெக்கானிக் என்னைவிட வயதில் மூத்தவர். லிஃப்டில் வண்டி ஏறியிருக்க, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்க, பையன் ஒருவன் லோயர் ஆர்ம் போல்ட்டை முறுக்கப் போனான். "டேய், விடு. இப்ப டைட் வெக்காத" என்று தடுத்தார். வண்டியைக் கீழே இறக்கி, சக்கரத்தின் மேல் முழுப் பாரமும் வந்த பிறகு, பள்ளத்துக்குள் குனிந்து இறங்கி அந்த போல்ட்டை டார்க் ரெஞ்சில் 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை இறுக்கினார்.

"ஏன் அண்ணே அப்படி?"

"புஷ்ஷு ரப்பர் சார். சக்கரம் தொங்கறப்ப முடுக்கிட்டா, வண்டி உட்கார்றப்ப ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும். ஆறு மாசத்துல பிச்சுக்கும்."

ஒரு ஷெட் வேலை தெரிந்த ஷெட்டா என்று பார்க்க எனக்கு இந்த ஒரு சோதனை போதும். கூடவே மேல் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசு உறை எல்லாவற்றையும் அப்போதே புதிதாக மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் அதே கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

மாட்டும் முன்பே சக்கரத்து நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நாலு மூலையிலும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சமதரை, பாதி டேங்க் பெட்ரோல், உள்ளே ஆள் இல்லை. மாட்டி ஓரிரு வாரம் ஓட்டிய பிறகு ஸ்பிரிங் இன்னும் சில மில்லி உட்காரும். அதனால் அலைன்மென்ட் இரண்டு முறை. மாட்டிய அன்றும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், உட்கார்ந்த பிறகு இன்னொன்று. டயரைத் தின்பது பெரும்பாலும் டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்பது), கேம்பர் (சக்கரம் சாய்ந்து நிற்பது) அல்ல. பின்பக்கம் டார்ஷன் பீம் என்பதால் திருப்பிச் சரிசெய்ய அங்கே போல்ட் கிடையாது. அளவு தப்பினால் நடுவே ஷிம் வைப்பதுதான் வழி. அச்சடித்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் முன்பக்கத்தைவிட அதிகம் இறங்கியிருந்தால் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், அதையும் அன்றே சரிபார்க்கலாம்.

இனி என் பிரியமான சோதனை. பின் ஷாக்கின் தூசு உறையைத் தூக்கி, பளபளக்கும் கம்பியில் ஒரு மெல்லிய கேபிள் டையை இறுக்காமல் கட்டி, கீழே ஷாக் உடம்போடு ஒட்டித் தள்ளிவிடுங்கள். கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர்வரை வழக்கம்போல் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஷாக் எவ்வளவு உள்ளே போனதோ அந்த இடத்துக்கு டை ஏறி நிற்கும். அது பம்ப் ஸ்டாப்பைத் தொட்டு நின்றால், நீங்கள் ஓட்டியது ஸ்பிரிங்கின் மேல் இல்லை, ரப்பர் கட்டையின் மேல். வளைவின் நடுவே ஷாக் அதில் போய் முட்டினால் டயர் சட்டென்று பிடியை விடும். என் வண்டியில் ஒருவன் தனியாகப் போனால் இடம் மிச்சம் இருக்கிறது, நாலு பேரும் லக்கேஜும் ஏறினால் மிச்சம் குறைவு. அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து மாமல்லபுரம் போய்வந்து, "என்னடா இது, கட்டை வண்டில போன மாதிரி இடுப்பு கழண்டுடுச்சு" என்றாள். அம்மாவின் அளவுகோல் கேபிள் டையைவிடக் கறார்.

ஸ்பீட் பிரேக்கருக்கு இந்தியன் ரோடு காங்கிரஸ் 1988-இல் ஒரு அளவு வைத்தது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ. போலோவின் முன் பின் சக்கரத்துக்கு நடுவே இருப்பது 2.5 மீட்டருக்கும் குறைவு. அதனால் முறையான பிரேக்கரில் இரண்டு சக்கரமும் அதன் மேலேயே ஏறி நிற்கும், வயிறு தட்டாது. தட்டுவது, தெருக்காரர்கள் தாங்களாகவே சிமென்ட் கொட்டிக் கட்டிய ஒல்லியான, உயரமான மேடுகளில். தாழம்பூர் பக்கத்து உள்தெருக்களில் அவற்றுக்குக் குறைவே இல்லை. குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கட்டும். மெட்ரோ வேலைக்காக ரோட்டில் போடும் இரும்புத் தகடுகளின் விளிம்பும் அப்படித்தான், அங்கே வேகம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் செம்மஞ்சேரியில் தண்ணீர் நின்றால் நான் காரை எடுப்பதே இல்லை.

பலன் எங்கே தெரிந்தது என்றால், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில். திருப்பியதும் மூக்கு தயங்காமல் உள்ளே வருகிறது. இடமிருந்து வலம் மாறும்போது அந்தப் பழைய யோசனை இல்லை. 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டியபோது, நீளமான வளைவில் ஸ்டியரிங்கை ஓரிடத்தில் பிடித்தால் பிடித்தபடி நின்றது. இந்தச் சுகத்தில் இறங்கிய 25 மில்லிக்குப் பங்கு குறைவு, ஷாக்குக்கும் டயருக்கும்தான் அதிகம். பணம் குறைவாக இருந்தால் உயரத்தைத் தொடாமல் நல்ல ஷாக் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட மூல விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இதைத்தான். அதனால் ஷாக்கோ ஸ்பிரிங்கோ மாற்றும் முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். கழற்றிய பழைய செட்டைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். எஃப்.சி. எடுக்கும்போது கேட்கலாம், வாங்க வருகிறவர் கேட்கலாம். நாலு ஸ்பிரிங்கும் நாலு ஷாக்கும் கட்டிலுக்கு அடியில் தாராளமாக அடங்கும், வீட்டில் உள்ளவர்கள் சம்மதித்தால்.