மிளகாய்ச் செடியின் இலை சுருளுவது ஏன்?

வீட்டுக் கொல்லையில் நான்கு மிளகாய்ச் செடி வைத்திருப்பவரும், இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் ஏக்கர் கணக்கில் பயிரிடுபவரும் ஒன்றுபோலக் கேட்கும் கேள்வி இது. இலை சுருண்டவுடன் கடைக்குச் சென்று, கொடுத்த மருந்தை வாங்கித் தெளிப்பதே பலருடைய வழக்கமாக இருக்கிறது. ஆனால், இலைச் சுருட்டை என்று ஒரே பெயரால் நாம் அழைப்பவை, காரணத்தால் வேறுபட்ட பல கோளாறுகளாகும். ஒன்றுக்கு உரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது. பணம் வீணாவதோடு, உண்ணும் காயிலும் நஞ்சு தங்கும். ஆதலின், தெளிப்பானைக் கையில் எடுக்கும் முன் காரணத்தை அறிதல் வேண்டும்.

முதற் சோதனை

செடியருகே அமர்ந்து மூன்று செய்திகளை நோக்குக. முதலாவது, கோளாறு எல்லாச் செடிகளிலும் ஒரே சீராகத் தோன்றுகிறதா, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றுகிறதா? சீராக இருப்பின் நீர், நிலம், உரம் ஆகியவற்றை ஐயுறலாம். இடையிடையே தோன்றின் பூச்சியையோ நோயையோ தேடவேண்டும். இரண்டாவது, கெட்டிருப்பது கொழுந்தா, முதிர்ந்த அடியிலையா? மூன்றாவது, இலையின் அடிப்புறம் எவ்வாறு உள்ளது? பூச்சிகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மேல்நோக்கிச் சுருண்டால்

இலையின் இரு ஓரங்களும் மேல்நோக்கி மடிந்து தோணிபோல் ஆகுமாயின், அது இலைப்பேனின் வேலை. வறண்ட காலத்தில் இது பெருகும். கொழுந்தை வெள்ளைத் தாளின்மீது தட்டினால், நூலிழைபோன்ற சிறு பூச்சிகள் ஊர்வதைக் காணலாம். 2021-ஆம் ஆண்டில் ஆந்திரம், தெலங்கானா மிளகாய்த் தோட்டங்களைப் பாழாக்கிய அயல்நாட்டுக் கறுப்பு இலைப்பேன் பூக்களிலும் கூட்டமாகத் தங்கும். ஆகவே பூவையும் தட்டிப் பார்த்தல் நலம்.

கீழ்நோக்கிச் சுருண்டால்

ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, கவிழ்த்த தோணிபோல் ஆகி, இலைக்காம்பு நீண்டு, கொழுந்து தடித்து நொறுங்கினால், அது மஞ்சள் சிலந்தியின் தாக்குதல். வெறுங்கண்ணுக்கு இது புலப்படுவது அரிது, பூதக்கண்ணாடி வேண்டும். சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்கொல்லிகள் பல இதனைக் கொல்லா. மாறாக, இதை உண்ணும் நன்மை செய்யும் உயிர்களைக் கொன்று, இதனைப் பெருகச் செய்தலும் உண்டு. நனையும் கந்தகம் லிட்டர் ஒன்றுக்கு 3 கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம். கடும் வெயிலில் தெளித்தாலும், வேப்பெண்ணெய் தெளித்த இரு வாரங்களுக்குள் தெளித்தாலும் இலை கருகும்.

இலைப்பேனுக்கு, வேப்பங்கொட்டைப் பருப்புத் தூள் 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளிக்கலாம்.

இலை சிறுத்துச் செடி குட்டையானால்

இலைகள் சிறுத்துச் சுருங்கி, கணுக்கள் நெருங்கி, செடி புதர்போல் ஆனால், அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி நோய். செடியை அசைத்தால் வெண்மையான சிறு ஈக்கள் பறக்கும். இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஐயம் ஏற்படின், பூச்சிக்கு உரிய மருந்து தெளித்த அன்று ஒரு கிளையின் நுனியில் நூல் கட்டி வைக்கவும். இரு வாரங்களில் நூலுக்கு மேல் நல்ல இலை துளிர்த்தால், அது பூச்சியால் வந்த சுருட்டை. புதிய இலையும் சுருங்கியே வந்தால், நச்சுயிரி என்று கொண்டு செடியை நீக்குதலே அறிவுடைமை. ஈக்கள் சோர்ந்திருக்கும் விடியற்காலையில் சாக்கினால் மூடிப் பிடுங்கிப் புதைக்கவேண்டும்.

இலை மஞ்சளித்தால்

அடியிலைகள் முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. மட்கிய தொழுவுரம் இடுக. அடியிலையில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளித்தால் மக்னீசியக் குறைவு. இதே அறிகுறி கொழுந்தில் தோன்றினால் இரும்புச்சத்துக் குறைவு. இதற்கு அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்கலாம். உரமிடும் முன் விரலை மண்ணில் விட்டுப் பார்க்கவும். மண் சேறாக இருப்பின், குறை உரத்தில் அன்று, வடிகாலில் உள்ளது. இலையோரம் மட்டும் கருகினால் உப்புநீரை ஐயுறுக.

களைக்கொல்லி தெளித்த தெளிப்பானை மிளகாய்க்குப் பயன்படுத்தலாகாது. 2,4-டி என்னும் மருந்தின் எச்சம் சிறிதளவு பட்டாலும் கொழுந்து முறுக்கிக்கொள்ளும். அதை நோய் என்று மயங்குவர்.

ஊராட்சி செய்யக்கூடியது

வெள்ளை ஈக்கு வேலி இல்லை. ஒரு கொல்லையில் விட்டுவைத்த நோய்ச்செடி, அடுத்தவர் வயலுக்கு நச்சுயிரியை வழங்கும். ஆதலின் இது தனியொருவர் கடமையன்று. ஊராட்சி அலுவலகத்தில் பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்றினை வாங்கி வைத்தல், நாற்றங்கால்களை நைலான் வலையால் மூடுமாறு கூறுதல், வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் விதைக்குமாறு தூண்டுதல், நோய்ச்செடிகளை ஊரார் அனைவரும் ஒரே நாளில் நீக்க ஏற்பாடு செய்தல் ஆகியவை பெருஞ் செலவின்றி இயல்வன. கிராம சபையில் தோட்டக்கலை அலுவலரை அழைத்து, இலைகளை நேரில் காட்டி விளக்கம் பெறலாம்.

இராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயரைக் காப்பது விளைபொருளின் தூய்மையே. காரணம் அறிந்து மருந்திடுவோர்க்குச் செலவும் குறையும். காயும் நஞ்சின்றி வீடு வந்து சேரும்.