உதயேந்திரம்: பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றின் சரித்திரம்

வாணியம்பாடித் தாலுகாவில் பாலாற்றை அடுத்துள்ள உதயேந்திரம் இப்பொழுது பேரூராட்சியாக விளங்குகிறது. தோல் தொழிலுக்குப் பெயர்போன வட்டாரத்தில் உள்ளமையால் அத்தொழிலோடு சேர்த்தே அதன் பெயரைப் பலரும் கேட்டிருப்பர். அவ்வூருக்கு ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட செப்பேட்டுச் சான்று உண்டென்பது அவ்வளவாகத் தெரிந்ததன்று.

பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது எட்டாம் நூற்றாண்டின் நடுவில், சேனாபதி உதயசந்திரனுடைய வேண்டுகோளின்படி குமாரமங்கல வெள்ளட்டூர் என்னும் கிராமத்தை 108 பிராமணர்களுக்குத் தானமாக அளித்தான். நந்திபுரத்தில் பகைவரால் முற்றுகையிடப்பட்டிருந்த அரசனை மீட்டவன் அச்சேனாபதி. அவன் பெயரால் ஊர் உதயசந்திரமங்கலம் ஆயிற்று. இந்து என்னும் சொல்லும் சந்திரனையே குறிக்குமாதலால், பிற்காலச் செப்பேட்டில் உதயேந்து சதுர்வேதிமங்கலம் என்றும், நாளடைவில் மக்கள் வாயில் உதயேந்திரம் என்றும் வழங்கலாயிற்று.

இத்தானத்தில் விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்கத்தக்கது நிலமன்று, நீர். அண்டையிலிருந்த கொற்றகிராமத்தின் இரண்டு ஜலயந்திரங்களும் நிலத்தோடு கூடவே அளிக்கப்பட்டன. இவை ஏற்றம் போன்ற நீரிறைக்கும் கருவிகள் என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. நீருக்கு வழியில்லாத நிலம் தானமாக வந்தும் பயனில்லை என்பதை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர். அவ்வேற்றங்களை இறைத்தவர்களுடைய பெயர் மட்டும் செப்பேட்டில் ஏறவில்லை.

அதே செப்பேட்டின் இறுதியில் தமிழ்க் குறிப்பொன்று உள்ளது. முதற் பராந்தக சோழனின் 26ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 933 அளவில், காஞ்சிவாயில் என்னும் இகல்மறைமங்கலத்துச் சபையாரும் உதயசந்திரமங்கலத்துச் சபையாரும் தங்கள் ஊர்கள் இரண்டையும் ஒன்றாக்கி, ஒரே கிராமமாக வாழ உடன்பட்டனர் என்பது அதன் சாரம்.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணலாகவே கிடப்பது. மணலின் அடியில் ஓடும் ஊற்றே இவ்வட்டாரத்துக் கிணறுகளையும் தென்னந்தோப்புகளையும் காத்துவந்தது. அந்நீரை நாடியே தோல் பதனிடும் சாலைகளும் வந்தன. முதலில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டனர்; 1970களுக்குப் பின் முற்றுப்பெற்ற தோலின் ஏற்றுமதி ஊக்குவிக்கப்பட்டதால் குரோம உப்பு பெருகிற்று. தொழில் ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி தந்தது. கழிவுநீரோ ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டார், ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் நீர் செலவாவதையும், இத்தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாததாகிவிட்டதையும் எடுத்துக்காட்டினர்.

தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்கச் சக்தியற்ற சிறு முதலாளிகள் கூட்டாகப் பொது நிலையங்களை நிறுவினர். தனியாருக்கு ஆகாதது கூட்டத்தாருக்கு ஆயிற்று. ஆயினும் கழிவில் அழுகும் பொருளைப் பிரிப்பதுபோல், கரைந்த உப்பைப் பிரிப்பது எளிதன்று, செலவும் மிகுதி. பச்சைத்தோல் கெடாதிருக்க இடும் உப்பை, தோலை ஊறவைக்குமுன் உதறி எடுத்துவிட்டால் நீரில் கலப்பது குறையும்.

கிணற்று நீரின் உப்பு கண்ணுக்குத் தெரியாது. கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் அதே கிணற்றின் நீரைச் சுத்தமான புட்டியில் எடுத்து, கிணற்றின் பெயரையும் தேதியையும் எழுதி, விவசாய இலாகாவின் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பலாம். வரும் அளவுகளைச் சங்கத்தின் புத்தகத்தில் ஆண்டுதோறும் பதிந்துவருவதால் எந்தக் கிணறு கெட்டுவருகிறது, எந்தக் கிணறு தேறிவருகிறது என்பது விளங்கும்.