சொந்த மோடம் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு எடுக்கப்போகிறேன். மோடத்தை நானே கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளலாமா? – வாசகர், தென்காசி

பதில்: வாங்கலாம். ஆனால் இணைப்புக் கொடுப்பவரைக் கேட்காமல் கடைக்குப் போகாதீர்கள். பழைய டி.எஸ்.எல். மோடம் இதற்கு உதவாது; ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றித் தரும் ஓ.என்.டி. என்ற கருவி வேண்டும். அதில் ஜிபான், ஈபான் என்று இரண்டு வகை. மாற்றி வாங்கினால் வேலை செய்யாது. இரண்டுக்கும் பொருந்துகிற எக்ஸ்பான் கருவிகளும் கிடைக்கின்றன.

முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை நிறுவனம் தன் பக்கத்தில் பதிய வேண்டும். பதியாதவரை ‘பான்’ விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்; நெட் வராது. ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் அது வேறு கதை: ஒளியே வந்து சேரவில்லை, கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண் மூன்றையும் மறக்காமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லேண்ட்லைனும் இதே இணைப்பில் வருவதானால் அதற்கான அமைப்பு விவரங்களைத் தனியாகக் கேளுங்கள்.

ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல் சொந்தக் கருவி வைப்பது வாடிக்கையாளரின் சட்ட உரிமை. இங்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் நிறுவனம் மறுத்தால் அவர்கள் பெட்டியை பிரிட்ஜ் மோடில், அதாவது இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலையில், போடச் சொல்லி, அதன் பின்னால் உங்கள் ரவுட்டரை மாட்டுங்கள். வைஃபை பலவீனம்தான் குறை என்றால் அதுவே போதும்.