மோட்டார் வாங்கும் முன்...

ட்ரோன் செய்யக் கிளம்பும் பொறியியல் மாணவர்கள், கேவி எண் அதிகமுள்ள பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி.) மோட்டார்தான் பலசாலி என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். சுமையில்லாமல் ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதைத்தான் கேவி சொல்கிறது. 1000 கேவி மோட்டாரை 11.1 வோல்ட் பேட்டரியில் இணைத்தால் சுமார் 11,100 சுற்று. கேவி கூடக்கூட, ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை குறையும். அதனால் பெரிய இறக்கைக்குக் குறைந்த கேவியே பொருந்தும்.

மோட்டாரில் 2212 என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் ஸ்டேட்டரின் விட்டம் 22 மி.மீ., உயரம் 12 மி.மீ. சிலர் வெளிக்கூட்டின் அளவையே போட்டுவிடுவார்கள். டேட்டா ஷீட்டைப் பார்த்துவிடுங்கள்.

மோட்டார் உச்சத்தில் 15 ஆம்பியர் இழுக்குமா? 20 ஆம்பியர் இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வாங்குங்கள். இங்கே சிக்கனம் பார்த்தால் புகைதான் மிஞ்சும்!

ரோபோ சக்கரத்துக்கு என்றால் கதையே வேறு. சென்சார் இல்லாத மோட்டாரில், சுழலும்போது உண்டாகும் எதிர் மின்னழுத்தத்தை வைத்தே ரோட்டரின் நிலை கணிக்கப்படுகிறது. நின்ற நிலையில் அந்த மின்னழுத்தம் பூஜ்யம். அதனால் சுமையோடு கிளம்பும்போது மோட்டார் திணறி உதறும். நின்ற நிலையிலும் ரோட்டரின் நிலையைச் சொல்லும் ஹால் சென்சார் உள்ளதைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

சென்சார் இல்லாத மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா? மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும்.