பாட்டில் படித்த கனடா

நம் சங்கத்துக் குடும்பங்களில், பிள்ளையோ பேத்தியோ கனடாவில் இல்லாத வீடு குறைந்துகொண்டே வருகிறது. அங்கே ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் பெரியவர்கள் நயாகராவைப் பற்றிச் சொல்வார்கள், குளிரைப் பற்றிச் சொல்வார்கள். அந்த நாட்டுச் சரித்திரம் என்று கேட்டால், "அங்கே என்ன சார் சரித்திரம், எல்லாரும் நேற்று வந்தவர்கள்தானே" என்று முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டொரான்டோவில் மருமகன் காரில் கேட்ட சில பாட்டுகள்தான் என்னைப் புத்தகங்களைத் தேடிப் போக வைத்தன. படித்தறிந்ததை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரயில்வேக்காரன் என்பதால் ரயில் பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். கார்டன் லைட்ஃபுட் என்பவர் 1938-ல் ஒன்டாரியோ மாநிலத்தின் ஒரில்லியாவில் பிறந்தவர். கனடா ஒரு நாடாகி நூறு ஆண்டு நிறைந்ததை ஒட்டி, அந்நாட்டு வானொலி தொலைக்காட்சி நிறுவனமான சி.பி.சி. அவரிடம் ஒரு பாட்டு கேட்டது. அவர் எழுதிய 'கனேடியன் ரெயில்ரோடு ட்ரிலஜி' 1967 ஜனவரி முதல் தேதி ஒலிபரப்பாயிற்று. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. முதல் பகுதி வேகம், நடுவில் நிதானம், பிறகு மறுபடி வேகம். ஏற்றத்தில் மூச்சு வாங்கி, உச்சியைக் கடந்ததும் வண்டி வேகம் பிடிப்பது போல இருக்கும்.

அந்தப் பாதையின் கதை எந்த எஞ்சினியரையும் உட்கார வைத்துவிடும். மேற்குக் கடற்கரையில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா 1871-ல் கனடாவோடு சேர்ந்தபோது போட்ட நிபந்தனை, தங்கள் ஊர்வரை ரயில் வரவேண்டும் என்பது. 1885 நவம்பர் 7-ந் தேதி கிரெய்கெல்லாக்கி என்னும் இடத்தில் கடைசி ஆணி அடிக்கப்பட்டது. ராக்கி மலையில் கிக்கிங் ஹார்ஸ் கணவாயை ஒட்டி 'பிக் ஹில்' என்ற இறக்கம். அதன் சரிவு ஏறத்தாழ 22-க்கு 1. நம் போர் காட் மலைப்பாதை 37-க்கு 1 என்று சொன்னால், பம்பாய்-புனா வண்டியில் போனவர்களுக்கு வித்தியாசம் புரியும். 1884-ல் அந்த இறக்கத்தில் இறங்கிய முதல் கட்டுமான வண்டியே கட்டுப்பாடு இழந்து ஓடி மூன்று பேர் இறந்தார்கள். 1909-ல் மலைக்குள் சுருள் சுருளாக இரண்டு சுரங்கங்கள் குடைந்த பிறகுதான் சரிவு பாதியாகக் குறைந்தது.

லைட்ஃபுட்டின் பாட்டு கொண்டாட்டத்துக்காகக் கேட்டு வாங்கப்பட்டது என்றாலும், வெறும் கொண்டாட்டம் அல்ல. ரயில் வருவதற்கு முந்தைய காட்டில் தொடங்குகிறது, செத்துப்போன கூலியாட்களை நினைத்து முடிகிறது. அது அவருடைய பெருமை. ஆனால் மேற்குப் பகுதியில் பாதை போட வந்த சுமார் 15,000 சீனத் தொழிலாளர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. குறைந்தது 600 பேராவது அந்த வேலையில் இறந்தார்கள் என்பது கணக்கு. வேலை முடிந்த 1885-லேயே சீனாவிலிருந்து வருகிறவர்களுக்குத் தலைக்கு 50 டாலர் வரி போட்டார்கள். 1903-ல் அது 500 டாலர் ஆயிற்று. 1923 முதல் 1947 வரை சீனர் வருகை அநேகமாக அடியோடு நிறுத்தப்பட்டது. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2006-ல்.

லைட்ஃபுட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1967-ல் பள்ளிப் புத்தகங்களிலும் இவையெல்லாம் இல்லை. அவர் புது விவரம் தெரிந்தால் ஏற்றுக்கொள்கிற மனிதர்தான். 1975 நவம்பரில் சுபீரியர் ஏரியில் 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' என்ற சரக்குக் கப்பல் 29 பேருடன் மூழ்கியது. அடுத்த ஆண்டே அதைப் பற்றி அவர் பாடிய பாட்டு உலகப் புகழ் பெற்றது. அதில் ஒரு வரி, கப்பலின் மூடியைச் சரியாகப் பார்க்காத ஊழியர்கள்மேல் பழி விழும்படி இருந்தது. பிற்கால ஆய்வு அப்படி இல்லை என்று காட்டியதும், 2010 முதல் மேடையில் அந்த வரியை மாற்றிப் பாடினார். ஊர் முழுக்க மனப்பாடமான பாட்டை முப்பத்து நான்கு வருஷம் கழித்துத் திருத்த மனசு வேண்டும். 2023 மே மாதம் அவர் காலமானபோது டெட்ராய்ட் மாலுமிகள் தேவாலயத்தில் மணியை முப்பது முறை அடித்தார்கள். இருபத்தொன்பது கப்பல்காரர்களுக்கு, ஒன்று அவருக்கு.

இனி, மருமகன் தலைமுறையின் பாடகர். கார்ட் டௌனி, 1964-ல் பிறந்தவர், ஒன்டாரியோவில் கிங்ஸ்டன் நகரத்துப் பக்கம். 'ட்ராஜிக்கலி ஹிப்' என்பது அவருடைய குழு. அவர்களுடைய சங்கீதம் என் காதுக்கு இரைச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். வார்த்தைகளை அச்சில் படித்த பிறகே விஷயம் பிடிபட்டது.

அவர் பாட்டுகளில் ஹாக்கி அடிக்கடி வரும். இது தயான்சந்த் ஆடிய ஹாக்கி அல்ல. பனித்தரையில் சறுக்குக் காலணியோடு, பக்கத்துக்கு ஆறு பேர், பந்துக்குப் பதில் கெட்டியான ரப்பர் வட்டு. நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. டௌனி சிறுவயதில் கோல்கீப்பர். அவருடைய ஞானத்தந்தை ஹாரி சிண்டன், 1972-ல் சோவியத் ரஷ்யாவோடு நடந்த எட்டு ஆட்டத் தொடரில் கனடா அணியின் பயிற்சியாளர். மாஸ்கோவில் கடைசி ஆட்டம் முடிய 34 வினாடி இருக்கும்போது பால் ஹென்டர்சன் கோல் போட்டுத் தொடரை ஜெயித்துக் கொடுத்தார். அன்று பள்ளிகளில் பாடத்தை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சி பார்த்த தலைமுறை இன்றும் அதைப் பேசுகிறது. டௌனிக்கு அப்போது எட்டு வயது. 1998-ல் அதை வைத்து ஒரு பாட்டு எழுதினார். அதில் அந்த கோலும் வருகிறது, ஹாக்கியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை என்று சொல்லும் ஒரு பெண்ணும் வருகிறாள். நாட்டையே நிறுத்திய விஷயம் பக்கத்தில் நிற்பவளுக்கு ஒரு பொருட்டல்ல என்று தெரியவரும்போது பையனுக்கு உலகம் கொஞ்சம் பெரிதாகிறது.

1992-ல் வந்த இன்னொரு பாட்டு, பில் பரில்கோ என்ற ஆட்டக்காரரைப் பற்றியது. டிம்மின்ஸ் என்ற தங்கச் சுரங்க ஊர்ப் பையன், டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர். 1951 ஏப்ரல் 21 அன்று மாண்ட்ரியால் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அவர் போட்ட கோல்தான் டொரான்டோவுக்கு ஸ்டான்லி கோப்பையைத் தந்தது. நான்கு மாதம் கழித்து, மீன் பிடிக்க நண்பரோடு சிறு விமானத்தில் வடக்கே போனவர் திரும்பவில்லை. பெரிய தேடுதல் நடந்தது, அகப்படவில்லை. டொரான்டோ அடுத்த கோப்பையை ஜெயித்தது 1962 ஏப்ரலில். சில வாரங்களில், அதே ஜூனில், காட்டுக்குள் அந்த விமானமும் இரண்டு எலும்புக்கூடுகளும் கண்டெடுக்கப்பட்டன! டௌனிக்கு இந்தக் கதை எங்கே கிடைத்தது தெரியுமா? பிள்ளைகள் சேர்த்து வைக்கும் ஹாக்கி அட்டை ஒன்றின் பின்புறத்தில்.

அதே 1992 இசைத்தட்டில் டேவிட் மில்கார்டு பற்றியும் ஒரு பாட்டு உண்டு. செய்யாத கொலைக்காகச் சாஸ்கட்செவன் மாநிலத்தில் ஆயுள் தண்டனை பெற்று, இருபத்துமூன்று ஆண்டு சிறையில் இருந்தவர். மரபணுச் சோதனை அவரைக் குற்றமற்றவர் என்று காட்டியது 1997-ல்.

இவ்வளவும் தெரிந்து பாடிய டௌனிக்கே நாற்பத்தெட்டு வயதுவரை தெரியாதிருந்த ஒரு கதை உண்டு. 2012-ல் அவருடைய அண்ணன் மைக் வானொலியில் கேட்டுவிட்டு வந்து சொன்னார். அதைத்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன்.

கனடாவில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் வைத்தார்கள். பணம் அரசாங்கத்துடையது, நடத்தியவை பெரும்பாலும் தேவாலய சபைகள். சொந்த மொழி பேசினால் அடி. சுமார் 1,50,000 குழந்தைகள் அப்படிப் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களின் பிற்பகுதியில்தான். ஹாக்கியும் அங்கே இருந்தது. ஃபிரெட் சாசகமூஸ் என்ற க்ரீ இனத்தவர் அப்படி ஒரு பள்ளியின் பனித்தரையில் கற்றுத்தான் 1953-54-ல் சிகாகோ அணிக்குப் பதினோரு ஆட்டம் ஆடினார். அதே பள்ளியில் தான் பட்ட கொடுமையையும் பின்னாளில் அவரே சொன்னார்.

சேனி வென்ஜாக் என்ற பையனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் வைத்த பெயர் சார்லி. 1966 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை, கெனோரா ஊர்ப் பள்ளியிலிருந்து இரண்டு நண்பர்களுடன் ஓடினான். ரெடிட் என்ற சிற்றூர்ப் பக்கம் நண்பர்களின் மாமா வீட்டில் சில நாள் இருந்தான். பிறகு, அப்பாவிடம் போகிறேன் என்று தனியாகக் கிளம்பினான். அப்பா இருந்த ஒகோகி போஸ்ட், கெனோராவிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர்! அந்த வீட்டுப் பெண்மணி ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் தீக்குச்சிகள் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்காரர், வழியில் ரயில் பாதையில் வேலை செய்கிறவர்களிடம் சாப்பாடு கேட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பினார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் பாதைப் பிரிவில் இருந்தவன் நான். கேங்மேன்கள் வழிப்போக்கனுக்குத் தங்கள் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவன் போன வழியில் அன்று ஒரு கேங் எதிர்ப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பாதையில் நடப்பது எப்படி என்பதும் எனக்குத் தெரியும். ஸ்லீப்பர் கட்டைகளின் இடைவெளி நம் ஊரில் சுமார் 60 சென்டிமீட்டர், அங்கே மரக்கட்டைகளுக்கு ஏறத்தாழ 50. கட்டைக்குக் கட்டை வைத்தால் அடி குறுகும், ஒன்று விட்டு ஒன்று தாண்டினால் நீளும். நடுவில் கால் வைத்தால் ஜல்லி புரளும். டிராலி வராத நாளில் ஐந்து மைல் நடந்தால் எங்களுக்கே முழங்கால் பேசும். அவன் உடம்பில் ஒரு மெல்லிய பருத்தி மேல்சட்டை மட்டும். இரவில் தண்ணீர் உறையும் குளிர், பனியும் மழையும். ஒன்றரை நாளில் ஏறத்தாழ பன்னிரண்டு மைல் நடந்திருக்கிறான். அக்டோபர் 23 காலை, ஃபார்லேன் அருகே பாறையை வெட்டிப் போட்ட கட்டிங்கில், கூட்ஸ் வண்டி டிரைவர் ஒருவர் பாதையோரம் அவன் கிடப்பதைப் பார்த்தார். ரயில் பாதை ஊழியர்கள் அவனைத் தேடி வந்தது உடலை எடுக்கத்தான். அவனைப் பெட்டியில் வைத்து, அதே ரயிலில் நகினா வரை கொண்டுபோய், அங்கிருந்து விமானத்தில் ஒகோகியில் சேர்த்தார்கள்.

நவம்பரில் விசாரணை நடந்தது. நடுவர்களே இந்தக் கல்விமுறை சரிதானா என்று கேட்டார்கள். லைட்ஃபுட்டின் ரயில் பாட்டு நாடெங்கும் ஒலித்தது, சேனி இறந்து பத்தே வாரத்தில். (அவர் பாடியது கனேடியன் பசிபிக் பாதை, அது கெனோரா ஊர் வழியாகவே போகிறது. சேனி நடந்தது வடக்கே உள்ள வேறு பாதை.) 1967 பிப்ரவரியில் 'மக்லீன்ஸ்' பத்திரிகையில் இயன் ஆடம்ஸ் எழுதிய கட்டுரை இல்லாவிட்டால் மேலே சொன்ன விவரங்களில் பல நமக்குக் கிடைத்திரா.

பாட்டாக எழுதியதிலும் டௌனி முதல்வர் அல்ல. மிக்மா இனத்தைச் சேர்ந்த வில்லி டன் 1970-களிலேயே சேனியைப் பற்றிப் பாடிவிட்டார். அன்று அதைக் கேட்டவர் சிலர். புகழ் பெற்ற ஒரு வெள்ளையர் பாடியபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. இதை டௌனியின் குறையாக நான் சொல்லவில்லை, கேட்பவர்களின் குறை அது.

டௌனி பத்துப் பாட்டுகள் எழுதினார். 'சீக்ரெட் பாத்' என்ற தலைப்பில், ஜெஃப் லெமியர் வரைந்த சித்திரப் புத்தகத்தோடு 2016 அக்டோபரில் வெளிவந்தது. அதற்குள் அவருக்கு மூளையில் குணமாகாத புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. அந்த ஆகஸ்ட் 20-ந் தேதி கிங்ஸ்டனில் குழுவின் கடைசிக் கச்சேரி. சி.பி.சி. நேரடியாக ஒளிபரப்ப, ஒரு கோடியே பதினேழு லட்சம் பேர் பார்த்தார்கள், நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ கூட்டத்தில் இருந்தார். டௌனி அவர் பக்கம் பார்த்து, வடக்கே இருக்கும் மக்களை மறந்தே வளர்ந்துவிட்டோம், அவர்களுக்கு நல்லது செய்யுங்கள் என்ற பொருளில் பேசினார். செப்டம்பரில் ஒகோகிக்கே போய் சேனியின் குடும்பத்தாரைச் சந்தித்தார். 2017 அக்டோபர் 17-ல், ஐம்பத்துமூன்று வயதில், காலமானார். பூர்வகுடியினரின் துயரத்தை நினைவுகூர, 2021 முதல் செப்டம்பர் 30-ஐ அங்கே தேசிய நாளாக அனுசரிக்கிறார்கள்.

கனடா போகும் நம்மவர்களில் ரயில் பைத்தியம் உள்ளவர்கள் டொரான்டோவிலிருந்து வான்கூவருக்கு 'தி கனேடியன்' வண்டியில் போகலாம். கூட்ஸ் வண்டிகளுக்கு வழிவிட்டு விட்டுப் பல மணி நேரம் தாமதமாகும். அதற்குத் தயாராகப் போங்கள். மேற்கே போகையில் நகினாவும், பிறகு சூ லுக்கவுட்டும் வரும். அதைத் தாண்டி ஃபார்லேன், அடுத்து ரெடிட். கேட்டால் மட்டுமே வண்டி நிற்கும் சின்ன இடங்கள். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் பன்னிரண்டு மைல் சொச்சம் தூரம், இருபுறமும் பாறை கட்டிங்குகள். அந்நேரம் தூங்கிவிடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருங்கள்.