தட்டித் தட்டித்தான் தாளம் வரும்

விஜயதசமி வந்தால் பாட்டு வகுப்பிலோ கீபோர்டு வகுப்பிலோ பிள்ளையைச் சேர்த்துவிடும் வீடுகள் ஏராளம். அந்த ஆசை நல்லதே. ஆனால், சிறு குழந்தைக்கு இசை எப்படிப் பிடிபடுகிறது என்பதில் நமக்குள்ள சில தவறான எண்ணங்களே பிள்ளைக்கு இசைமேல் வெறுப்பை வரவழைத்துவிடுகின்றன.

நம்பிக்கை: தட்டுவதும் குதிப்பதும் விளையாட்டு. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தால்தான் பாடம் ஏறும்.

உண்மை: அசைவுதான் முதல் பாடம். கனடாவில் பிலிப்ஸ்-சில்வர், டிரெய்னர் ஆகிய இருவரும் 7 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. அழுத்தம் எதுவும் இல்லாத ஒரே ஒலியை ஒலிக்கவிட்டு, சில குழந்தைகளை இரண்டு தட்டுக்கு ஒருமுறையும், சிலவற்றை மூன்று தட்டுக்கு ஒருமுறையும் தூக்கிக் குலுக்கினார்கள். எந்தக் கணக்கில் குலுக்கப்பட்டதோ, அந்தக் கணக்கில் அழுத்தம் விழுந்த ஒலியைத்தான் பிறகு குழந்தைகள் விரும்பிக் கேட்டன. குலுக்குவதை வெறுமனே பார்த்த குழந்தைகளிடம் அந்த விருப்பம் வரவில்லை.

நம் ஆதி தாளமும் இப்படித்தான். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கையும் கையிலேயே இருக்கிறது. சரளி வரிசைக்கு முன்பே இதை விளையாட்டாகப் போட்டுப் பழகிய பிள்ளைக்குத் தாளம் பாரமாக இருக்காது.

நம்பிக்கை: ஸ்வரங்களை எழுதப் படிக்கத் தெரிந்தபிறகுதான் கருவியைத் தொட வேண்டும்.

உண்மை: பேசப் பழகிய பிறகே குழந்தை எழுத்துக்கு வருகிறது, இசையிலும் அதுதான் முறை. ஜெர்மனியின் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப், கழற்றி மாட்டக்கூடிய பட்டைகள் கொண்ட சைலஃபோனைக் குழந்தைகள் கையில் கொடுத்தார். 'ம', 'நி' பட்டைகளைக் கழற்றிவிட்டால் ச, ரி, க, ப, த மட்டும் மிஞ்சும். நம் மோகன ராகத்துக்கான ஸ்வரங்கள் இவை. எதைத் தட்டினாலும் காதுக்கு இதமாக இருப்பதால், பிழைக்குப் பயப்படாமல் குழந்தை தானே மெட்டுப் போடும்.

நம்பிக்கை: சுருதி சேரவில்லை என்றால் பிள்ளைக்கு ஞானம் இல்லை.

உண்மை: பல நேரம் குறை சுருதியில்தான் இருக்கிறது. அப்பாவின் தாழ்ந்த குரலில் பாடிக் காட்டினால், சின்னக் குரல் அதை எட்டிப் பிடிக்கத் திணறும். குழந்தையின் குரலுக்கு ஏற்ற கட்டையில் சுருதியை வைத்து, நின்று நிதானமாகப் பாடிப் பாருங்கள். நான்கு வயதில் ஒதுங்கி நிற்கும் குரல், பழகப் பழகச் சேர்ந்துவிடும். பிள்ளையின் காதுபடத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நம்பிக்கை: மொஸார்ட் இசையைக் கேட்கவைத்தால் குழந்தை புத்திசாலியாகும்.

உண்மை: இந்த நம்பிக்கைக்கு வித்திட்டது 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். இடம், வடிவம் சார்ந்த ஒரு சோதனையில் தெரிந்த சிறு முன்னேற்றமும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்துவிட்டது. இசையை இசைக்காகவே கற்பிக்கலாம். வேறு லாபக் கணக்கு அதற்குத் தேவையில்லை.

நம்பிக்கை: விலை உயர்ந்த கருவி வாங்கினால்தான் பயிற்சி.

உண்மை: ஒரே மாதிரியான நான்கு பீங்கான் கிண்ணங்கள், தண்ணீர், ஒரு மரக்கரண்டி போதும். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி விளிம்பில் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். தண்ணீர் ஏற ஏறக் கிண்ணத்தின் அதிர்வு மெதுவாகி, ஒலி தாழ்கிறது. ஜலதரங்கம் பிறப்பதும் இப்படியே. கரண்டி கரண்டியாக ஊற்றி, தனக்கு வேண்டிய ஸ்வரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் குழந்தை, சுருதி என்றால் என்ன என்பதைக் கையாலேயே கற்றுவிடுகிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் சேர்ப்பதற்கு முன் தினமும் பத்து நிமிடம் பிள்ளையோடு தரையில் உட்காருங்கள். சேர்ந்து தட்டுங்கள், சேர்ந்து பாடுங்கள். விருந்தாளி வந்தால் "பாடிக் காட்டு" என்று மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள்.